விக்கின்ஸும் பவர்ஸும்: பொய்யை விட்டு வெளியேறும் விலை

1974 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் அலுவலக ஒலிநாடா ஒன்றின் எழுத்து வடிவம் வெளியானது. வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்ட ஆறு நாள் கழித்து, 1972 ஜூன் 23 அன்று, அவர் தன் உதவியாளரோடு பேசியது அதில் இருந்தது. சி.ஐ.ஏ.வைக் கொண்டு எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்தும் திட்டத்துக்கு அவர் சம்மதித்திருந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு ஆண்டுகளாக அவர் நாட்டுக்குச் சொன்னதெல்லாம் அந்தப் பக்கங்களில் உடைந்துபோனது.

அன்று என் கவனத்தை ஈர்ப்பவர் நிக்சன் அல்ல, சார்லஸ் விக்கின்ஸ். கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர். நாடாளுமன்ற நீதிக் குழுவில் நிக்சனுக்காக அவர் அளவுக்கு வாதாடியவர் யாருமில்லை. சான்று எங்கே, அதிபருக்கு நேரடியாகத் தெரியும் என்று காட்டும் ஒரு வரி எங்கே என்று நாள்கணக்கில் கேட்டவர். அந்த வரி கையில் கிடைத்ததும் மனம் மாறினார். பதவி நீக்கத்தை ஆதரிக்கப்போவதாகக் குரல் தழுதழுக்க அறிவித்தார். இரண்டு நாளில் பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட கட்சியின் மூத்த தலைவர்கள் மூவர் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களைக் காப்பாற்ற வாக்கு இல்லை என்று நிக்சனிடமே சொன்னார்கள். ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவியை விட்டுப் போனார்.

விக்கின்ஸ் பிறகு என்ன ஆனார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதே ஆண்டு நவம்பரில் அதே கட்சியின் சார்பில் மறுபடி வென்றார். 1976-லும் வென்றார். 1984-இல் அதிபர் ரீகன் அவரைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாக்கினார். தன் தலைவர் பொய் சொன்னார் என்று ஒப்புக்கொண்டதற்காக அவர் எதையும் இழக்கவில்லை.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அரிசோனா. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைத் தலைவர் ரஸ்டி பவர்ஸும் குடியரசுக் கட்சிக்காரர், ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ளவர், டொனால்ட் ட்ரம்ப் வெல்ல வேண்டும் என்று பிரசாரம் செய்து வாக்களித்தவர். 2020 தேர்தலில் அரிசோனாவில் பைடன் வென்றதும், முடிவைப் புரட்டிப்போடச் சொல்லி அவருக்குத் தொலைபேசி வந்தது. பவர்ஸ் கேட்டது விக்கின்ஸ் கேட்டதேதான்: சான்று எங்கே? ட்ரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானியிடமிருந்து வந்த பதில், ஊகங்கள் நிறைய இருக்கின்றன, சான்றுதான் இல்லை என்ற பொருளில் இருந்ததாக 2022 ஜூனில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் பவர்ஸ் சத்தியம் செய்து சொன்னார். முடிவைப் புரட்டிப்போட அவர் மறுத்தார். வீட்டு வாசலில் ஒலிபெருக்கி வண்டிகள் வந்து நின்றன. உள்ளே அவருடைய மகள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். 2022 ஜூலையில் மாநிலக் கட்சி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில் படுதோல்வி அடைந்தார்.

ஒரே கட்சி, ஒரே கேள்வி. ஒருவர் நீதிபதி ஆனார், இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். தலைவர்கள் பொய் சொல்வது புதிதல்ல. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாக அதிபர் ஜான்சன் அறிவித்தார். நடக்காத அந்தத் தாக்குதலை நம்பி, வியட்நாம் போருக்கு வழிவிட்ட தீர்மானத்துக்குக் கீழவையில் வாக்களித்த 416 பேரும் ஆதரவு தெரிவித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று அந்த ஆண்டு அமெரிக்கரில் 77 சதவீதம் பேர் கருதினார்கள். அந்த நம்பிக்கைக்காகப் பல்லாயிரம் குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. 1974-இல் அந்த 77 வெறும் 36 ஆகியிருந்தது. ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பொய் வெளிப்பட்டதும் நம்பிக்கை சரிந்தது. நிக்சனுக்கு 1973 ஜனவரியில் 67 சதவீத ஆதரவு இருந்தது, அவர் விலகிய நேரத்தில் 24 சதவீதம்தான்.

இடையில் ஒரு திருப்பம் 1998. அதிபர் பில் கிளிண்டன் ஜனவரியில் தொலைக்காட்சியில் விரலை நீட்டி மறுத்த தகாத உறவை ஆகஸ்டில் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. டிசம்பரில் கீழவை அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. அந்த வாரம் காலப் கணிப்பில் அவருக்கு 73 சதவீத ஆதரவு. அவர் பொய் சொன்னது ஆதரவாளர்களுக்குத் தெரியும். அது சொந்த விஷயம், எதிரிக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஜனநாயகக் கட்சியினர் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்சியைப் பேச வேண்டும்.

அடுத்து வந்ததோ வேறு அளவு. ட்ரம்பின் முதல் நான்காண்டுகளில் பொய்யான, திசைதிருப்பும் கூற்றுகள் 30,573 என்று வாஷிங்டன் போஸ்ட் கணக்கிட்டது. அவற்றில் பெரியது தேர்தலைத் திருடிவிட்டார்கள் என்பது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் அது நிற்கவில்லை. அவருடைய சட்ட அமைச்சர் வில்லியம் பார், முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி இல்லை என்று 2020 டிசம்பர் 1 அன்றே சொல்லிவிட்டார். ஜார்ஜியாவில் ஒரு முறை முழுக்கக் கையால் எண்ணியது உட்பட மூன்று முறை எண்ணினார்கள், மூன்று முறையும் பைடனே வென்றார். அதன் பிறகும் ட்ரம்ப் அந்த மாநிலத் தேர்தல் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைத் தேடித் தரச் சொன்னார். அந்த ஒலிப்பதிவும் வெளியானது. நிக்சனை வீழ்த்தியதைப் போல ஒலிப்பதிவுதான். ஆனால் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் பெரும்பாலோர் பைடன் நேர்மையாக வென்றதாக ஏற்கவில்லை, ஆண்டுகள் கழித்தும் ஏற்கவில்லை.

இவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடுவது எளிது, தவறும்கூட. 2017 பதவியேற்பு விழாவுக்குப் பிறகு ஷாஃப்னர், லூக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பெயர் போடாத இரண்டு புகைப்படங்களைக் காட்டி எதில் கூட்டம் அதிகம் என்று மக்களிடம் கேட்டார்கள். ஒன்று ஒபாமா விழா, இன்னொன்று ட்ரம்ப் விழா. கண்ணுக்கு எதிரே விடை இருந்தும் ட்ரம்புக்கு வாக்களித்தவர்களில் 15 சதவீதம் பேர் ஆள் குறைந்த படத்தைக் காட்டினார்கள். எதிர்த்து நின்ற ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களித்தவர்களில் 2 சதவீதம். அந்தப் பதினைந்து சதவீதத்தினருக்கும் கண் தெரியாமல் இல்லை. நான் யார் பக்கம் என்பதைச் சொல்ல அவர்களுக்கு அந்தக் கேள்வி பயன்பட்டது. ஸ்வையர், லெவாண்டவ்ஸ்கி முதலியோர் நடத்திய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ட்ரம்ப் சொன்னது பொய் என்று விளக்கியபோது அவருடைய ஆதரவாளர்கள் அந்தக் கூற்றை நம்புவது குறைந்தது. அவருக்கு வாக்களிக்கும் எண்ணம் மட்டும் அசையவில்லை.

அப்படியானால் அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது பொய்யை அல்ல, தங்கள் கூட்டத்தை. மேலிடத்தார் எல்லாரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று மனம் கசந்தவர்களுக்கு, அந்த மேலிடத்தின் முகத்துக்கு நேரே கூசாமல் பொய் சொல்கிறவர் தங்களுக்காகச் சண்டை போடுகிறவராகத் தெரிகிறார். ஹால், கிம், ஜுக்கர்மன் சிவான் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்கியது. டோங்கினிலும் வாட்டர்கேட்டிலும் எல்லார்மீதும் நம்பிக்கையை இழந்த ஒரு நாட்டில்தான் ஒரே ஒருவர்மீது இத்தனை நம்பிக்கை குவிந்திருக்கிறது.

கூட்டம் என்ற ஒன்று எவ்வளவு இறுகிவிட்டது என்பதற்குக் கல்யாணப் பேச்சைவிட நல்ல அளவுகோல் நமக்கு வேண்டாம். 1960-இல், பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருந்துவோம் என்று சொன்னவர்கள் இரு கட்சியிலும் ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. 2010-இல் குடியரசுக் கட்சியினரில் 49, ஜனநாயகக் கட்சியினரில் 33 சதவீதம். விக்கின்ஸின் காலத்தில் ஒருவர் தலைவரைக் கைவிட்டாலும் தேவாலயமும் அக்கம்பக்கமும் மைத்துனனும் மிஞ்சினார்கள். இன்று தலைவரைக் கைவிடுகிறவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் தனியாகிறார்.

செய்தியும் அப்படியே பிரிந்தது. 1973 கோடையில் வாட்டர்கேட் விசாரணையை நாடே மூன்று தொலைக்காட்சிகளில் பார்த்தது. சர்ச்சையான விஷயத்தில் இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்ற ஒளிபரப்பு விதி 1987-இல் நீக்கப்பட்டது, 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. 2020 தேர்தல் இரவில் அரிசோனா பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது அதே ஃபாக்ஸ்தான், அறிவிப்பும் சரிதான். ஆனால் நேயர்கள் கொதித்தெழுந்து நியூஸ்மேக்ஸ் போன்ற வேறு தொலைக்காட்சிக்குத் தாவினார்கள். பிறகு ஃபாக்ஸில் வாக்கு இயந்திர மோசடிக் கதைகள் ஓடின. அவற்றைத் தொகுப்பாளர்களே நம்பவில்லை என்பதை, வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் தொடுத்த வழக்கில் வெளிவந்த அவர்களின் தனிப்பட்ட செய்திகள் காட்டின. 2023 ஏப்ரல் 18 அன்று 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. மேலிருந்து கீழே திணிக்கப்படுவதாக மட்டும் பொய்யை நினைத்துவந்தோம். இங்கே கீழிருந்து கேட்டு வாங்கினார்கள். தலைவரும் தொலைக்காட்சியும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆதரவாளருக்குப் பயந்தார்கள், ஆதரவாளர் தன் கூட்டத்தாருக்குப் பயந்தார்.

இந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 2021 ஜனவரியில், ட்ரம்ப் ஆதரவாளர்களால் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட ஒரு வாரத்தில், ட்ரம்பின் பதவி நீக்கத்துக்கு வாக்களித்த குடியரசுக் கட்சிக் கீழவை உறுப்பினர்கள் 10 பேர். நால்வர் மறுபடி போட்டியிடவில்லை. லிஸ் செனி உட்பட நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். மீண்டு வந்தவர்கள் இருவர்: கலிஃபோர்னியாவின் டேவிட் வலடாவோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். அந்த இரண்டு மாநிலங்களிலும் முதற்கட்டத் தேர்தலில் கட்சிக்காரர்கள் மட்டும் அல்ல, எல்லா வாக்காளர்களும் ஒரே சீட்டில் வாக்களிக்கிறார்கள். முதல் இரண்டு இடத்தவர் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். அது உறுதியான கவசம் அல்ல. நால்வரில் ஒருவர் அதே வாஷிங்டன் மாநிலத்தில்தான் தோற்றார். இருந்தாலும் அலாஸ்காவைப் பாருங்கள். 2020-இல் அந்த மாநிலத்தார் பிரைமரியை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ட்ரம்ப் குற்றவாளி என்று செனட்டில் வாக்களித்த அவர்களின் குடியரசுக் கட்சி உறுப்பினர் லிசா முர்கவ்ஸ்கி 2022-இல் அந்த முறையில் நின்று வென்றார். 2024-இல் அதை ஒழிக்கக் கட்சிக்காரர்கள் பொது வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். அதே நாளில் அலாஸ்கா மக்கள் அதிபர் தேர்தலில் ட்ரம்பை வெல்லவைத்தார்கள், திறந்த பிரைமரியையும் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் காப்பாற்றிக்கொண்டார்கள்.