இறப்பரில் இடும் துளை

ஒரு பொருளிலிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் அப்பொருள் குறைவுறும் என்பது பொதுக் கருத்து. ஆயின், வெட்டப்பட்டமையினாலேயே பயன் மிகுவனவும் உள. மூங்கில் துளைபட்டன்றோ குழலாகின்றது? எங்கே வெட்டலாம், எத்துணை வெட்டலாம், எவ்விடத்தில் வெட்டலாகாது என்பனவற்றை அறிதலே இதன்கண் உள்ள நுட்பம். சபரகமுவத் தோட்டங்களில் வாழும் நமக்கு நன்கு பழக்கமான இறப்பரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

கனடா முதலிய குளிர்நாடுகளில் பனியின்மேல் ஓடும் ஊர்தியொன்று உண்டு. முன்புறத்தில் சறுக்குக் கட்டைகளும் பின்புறத்தில் முடிவற்ற வளையமாகச் சுழலும் இறப்பர்ப் பட்டையும் அதற்கு உறுப்புகளாம். கனேடியரான பொம்பாடியர் 1937இல் இத்தகைய பட்டையமைப்புக்கு ஆக்கவுரிமை பெற்றார்; 1959இல் 'சுகீ-டூ' என்னும் சிறு பனியூர்தி விற்பனைக்கு வந்தது. இறப்பர்ப் பட்டை தயாரிப்பில் பெயர்பெற்ற காம்சோ என்னும் கனேடிய நிறுவனம் நம் நாட்டிலும் தொழிற்சாலைகளை நடத்தியது. 2018இல் அந்நிறுவனத்தை மிசெலின் வாங்கியது. ஆதலின் பனியைக் காணாத நமக்கும் இப்பட்டை முற்றிலும் அயலானதன்று.

பட்டையின் உள்ளே நெடுக்காகத் துணியிழைகளும் குறுக்காகக் கண்ணாடிநார்க் கோல்களும் பதிக்கப்பட்டிருக்கும். இழைகள் இழுவையைத் தாங்கும். கோல்கள் பட்டை மடிந்துபோகாது காக்கும். உட்புறத்தில் பட்டை நெகிழித் தண்டவாளங்களை உராய்ந்து செல்லும். அவ்வுராய்வால் எழும் வெப்பத்தைத் தணிப்பதும் வழுக்கலைத் தருவதும் பனியே. பனி போதாதவிடத்துத் தண்டவாளத்தின் நெகிழி உருகித் தேயும்.

இதனாலேயே சிலர் பட்டையில் கோல்களுக்கு இடைப்பட்ட வெளியில் வட்டத் துளைகளை வெட்டுவர். துளைவழியே பனி உட்புகுந்து தண்டவாளத்தை நனைக்கும். உள்ளே திரளும் பனி வெளியேறவும் வழியுண்டாகும். பட்டையின் எடையும் சற்றுக் குறையும். பயன் இவ்வாறாக, கேடும் உண்டு. கோல் ஒன்று அறுபட்டால் பட்டை அவ்விடத்தில் மடியும். துளை மிகுந்தால் இழைகள் பல அறுந்து வலிமை குன்றும். மென்பனியில் ஊர்தியைத் தாங்கும் பரப்பும் குறையும்.

துளை வட்டமாதல் வேண்டும் என்பதற்குக் காரணம் யாது? இழுக்கப்படும் அகன்ற தகடொன்றில் சிறு வட்டத் துளையிருப்பின், அதன் விளிம்பில் தகைப்பு மும்மடங்காகும் என 1898இல் கேர்சு என்பார் காட்டினார். துளை நீள்வட்டமாயின் நிலைமை இன்னும் கொடிது. இழுவைக்குக் குறுக்காக அதன் நீளம் அகலத்தைப்போற் பத்து மடங்காயின், முனையில் தகைப்பு இருபத்தொரு மடங்காகும் என்பது 1913இல் இங்கிலிசு தந்த சூத்திரத்தின் முடிபு. இறப்பர் மிக நீளும் பொருளாதலின் இவ்வெண்கள் அதற்கு அப்படியே பொருந்தா. ஆயினும் கூரிய முனையிலேயே கிழிவு தொடங்கும் என்னும் உண்மை மாறாது.

வகுப்பில் யான் செய்து காட்டும் சோதனை ஒன்றுண்டு. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து ஒரே அளவான மூன்று கீலங்களை வெட்டுக. முதலாவதில் கூராக்கிய குழாயினால் வட்டத் துளையிடுக. இரண்டாவதில் அத்துளையின் விட்டமளவு கத்தியால் குறுக்கே கீறுக. மூன்றாவதில் அதே கீறலை நெடுக்காக இடுக. மூன்றையும் இழுத்தால் குறுக்குக் கீறலுடையதே முதலில் அறும். துளையிட்ட கீலத்திலோ இறப்பர் அதிகம் அகற்றப்பட்டுள்ளது! அகற்றிய அளவைவிட வெட்டின் வடிவமும் திசையுமே விளைவை முடிவு செய்கின்றன என்பதை மாணவர் கண்கூடாக அறிவர்.

இவ்வறிவு நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களிலும் இப்பயிர் பரவிற்று. அங்கே விடியற்காலையில் பால்வெட்டும் பெண் செய்வதும் இதுவே. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழுமாறு அவள் சாய்வாக வெட்டுகிறாள். மரப்பட்டையிலுள்ள பாற்குழாய்கள் நேர்நிமிர்ந்து செல்லாது சற்றே வலம்சாய்ந்து மேலேறுவதால், அச்சாய்வு மிகுதியான குழாய்களை அறுத்துப் பால் தருகிறது. கத்தி ஆழாவிடின் சிரட்டை நிரம்பாது. மாறிழையத்தைத் தொட்டாலோ மரம் புண்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அவ்விடத்தில் வெட்டுதல் அரிது. மாறிழையத்துக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்ப் பட்டையை விட்டுவைத்தல் வேண்டும். அம்மெல்லிய படலத்திலேயே மரத்தின் வருங்காலமும் அவளது கூலியும் தங்கியுள்ளன.

பனியூர்திப் பட்டையை வெட்டுவோன் அளவுகோலும் துளைக்கருவியும் கொண்டு செய்வதை, இவள் அரையிருளில் கையுணர்வால் நாள்தோறும் மரத்துக்கு மரம் செய்கிறாள். முன்னவன் செயலைப் பொறிநுட்பம் என்போர் பின்னவள் செயலை வெறுங்கூலிவேலை என்பது நேரிதன்று. தோட்டப் பிள்ளைகள் தம் தாயரின் கைத்திறனிலும் விஞ்ஞானம் உண்டென்று உணர்வாராயின், பாடநூல் அவர்க்கு அந்நியமாகத் தோன்றாது. அதனை உணர்த்துதல் ஆசிரியராகிய நம் கடனாம்.