கத்திரி வெயிலுக்கு ஏற்ற கனி ஜெல்லி

கடற்கரைகளிலும் திருவிழாக்களிலும் குழந்தைகளின் கண்ணைக் கவர்ந்துகொண்டிருந்த பஞ்சு மிட்டாயில், துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி என்னும் ரசாயனம் கலந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்து, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தபோது, தாய்மார்களின் சந்தேகம் அந்த ஒரு பண்டத்தோடு நின்றுவிடவில்லை. பளபளக்கும் சிவப்பிலும் பச்சையிலும் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் ஜெல்லிகளின்மீதும் அவர்கள் பார்வை திரும்பிற்று. ஜெல்லித் தூள் பொட்டலத்தின் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்தால், சேர்மானங்களின் வரிசையில் முதலிடம் வகிப்பது பெரும்பாலும் சர்க்கரை. எடை மிகுந்ததை முதலில் குறிப்பிட வேண்டும் என்பது விதியாதலால், அந்த முதலிடத்துக்கு அர்த்தம் உண்டு. படத்தில் இருக்கும் ஸ்ட்ராபெரி பல சமயங்களில் உள்ளே வாசனையாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கும். ஆகவே, பழத்தையும் ஜெலட்டினையும் வாங்கி வீட்டிலேயே ஜெல்லி செய்துவிடலாம் என்று பலர் முற்படுவது இயல்பானதே, வரவேற்கத்தக்கதும்கூட.

ஆனால் வடசென்னையின் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ சித்திரை வைகாசி மாதங்களில் இந்த முயற்சியில் இறங்குகிறவர்கள், எந்தச் சமையற்புத்தகமும் முன்கூட்டிச் சொல்லாத ஓர் எதிரியைச் சந்திக்கிறார்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிற்பகலில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த ஜெலட்டின் ஜெல்லியின் ஓரங்கள் விருந்தினர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் வழுவழுத்து, கிண்ணத்தின் அடியில் சர்பத்தாகத் தேங்கத் தொடங்கிவிடுகின்றன. செய்தவரின் கைப்பக்குவத்தில் குறையொன்றும் இல்லை. அது அந்த வஸ்துவின் சுபாவம்.

ஜெலட்டின் என்பது கால்நடைகளின் எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை நீண்ட நேரம் பக்குவப்படுத்திப் பிரித்தெடுப்பது. குளிர்ந்த நீரில் ஊறிப் பருத்து, சூட்டில் கரைந்து, மறுபடி குளிரும்போது தன்னைச் சுற்றியிருக்கும் நீரையெல்லாம் வலைபோட்டுப் பிடித்துக்கொள்ளும் அதன் சக்தி விசேஷமானதுதான். ஆயினும் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் அந்த வலை அவிழ்ந்துவிடுகிறது. மனித சரீரத்தின் உஷ்ணமே 37 டிகிரி என்பதால் ஜெலட்டின் ஜெல்லி நாவில் பட்டதும் கரைகிறது. ஐரோப்பியச் சமையற்காரர்கள் அதைப் போற்றுவதற்குக் காரணமான அந்தக் குணமே, நம் ஊர் கோடையில் அதைக் கிண்ணத்திலேயே கரையவைத்துவிடுகிறது.

ஜெலட்டின் புரதம்தானே, அதனாலேயே இந்தத் தின்பண்டம் சத்துள்ளதாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸ் நகரில் எழுந்தது. எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் மலிவான ஆகாரமாக வழங்கலாம் என்று சிலர் வாதாட, அதை விசாரிக்க அமைக்கப்பட்ட குழு, மஜாந்தி என்ற உடலியல் அறிஞரின் தலைமையில் பல ஆண்டுகள் பிராணிகளிடம் சோதனை செய்து, ஜெலட்டினை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாது என்று 1841இல் அறிக்கை தந்தது. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களுள் ஒன்றான டிரிப்டோபேன் அதில் அறவே இல்லை என்பதைப் பிற்காலத்து ரசாயனம் விளக்கிற்று. ஆக, ஜெல்லியில் உறையவைக்கும் பொருள் பாத்திரத்தின் வேலையைச் செய்கிறதேயன்றி உணவின் வேலையைச் செய்வதில்லை. ஆரோக்கியம் வருவதானால் பழத்திலிருந்துதான் வரவேண்டும். எனவே பழத்தை எது சேதமின்றித் தாங்கி நிற்கும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பெர்லினில் ஒரு கோடை

வெயிலில் ஜெலட்டின் காலை வாரிவிடும் சங்கடம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1881ஆம் ஆண்டில், கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர், ஜெலட்டினின்மேல் கிருமிகளை வளர்க்க முயன்று, கோடை வெப்பத்தில் அது உருகி ஓடுவதைக் கண்டு சலித்துப்போனார். சில கிருமிகளோ ஜெலட்டினையே தின்று திரவமாக்கிக்கொண்டிருந்தன. அவருடைய மனைவி ஃபான்னி செய்யும் ஜெல்லிகளும் புட்டிங்குகளும் அதே வெயிலில் அசையாமல் நிற்பது எப்படி என்று அவர் விசாரித்தபோது, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகரே காரணம் என்று அந்த அம்மையார் சொன்னார். நியூயார்க்கில் கழிந்த தம் இளமைப் பருவத்தில், ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர்களான அண்டை வீட்டாரிடமிருந்து அவர் கற்ற பாடம் அது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார்; அதை அறிமுகப்படுத்தியவரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் உறைந்திருப்பது, ஆசியச் சமையலறையிலிருந்து புறப்பட்ட அந்தப் பதார்த்தமே.

அகர் 35, 40 டிகிரிக்கு இடைப்பட்ட சூட்டிலேயே உறைந்துவிடுகிறது; ஒருமுறை உறைந்தபின் ஏறக்குறைய 85 டிகிரி வரையில் சூடேற்றினாலொழிய உருகுவதில்லை. மின்சாரம் நின்றாலும், ஃப்ரிட்ஜ் இல்லாத ஓரறை வீடாயினும், பள்ளிக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸாயினும் அதற்கு எல்லாம் சமமே.

வடசென்னைக்குப் புதிதன்று

ஃபான்னி ஹெஸ்ஸே அறிந்திருந்த இந்த வித்தையை வடசென்னை தன் போக்கில் நெடுநாளாகவே அறிந்திருக்கிறது. ரமலான் மாதத்து மாலையில் மண்ணடித் தெருக்களில் நடப்பவர்கள், நோன்புக் கஞ்சிக்கும் சமோசாவுக்கும் பக்கத்தில், பாலில் காய்ச்சி எவர்சில்வர் தட்டில் ஊற்றிச் சாய்சதுரத் துண்டுகளாகக் கீறப்பட்ட கடற்பாசியைக் காணாமல் இருக்க முடியாது. அகரைத்தான் இங்கே கடற்பாசி என்கிறோம்; தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அதைக் கடப்பாசி என்பார்கள். பகலெல்லாம் நீரருந்தாத வயிற்றுக்கு அது இதமாக இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, 1964இல் வர்த்தகம் அரசுடைமையானபின், கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்ந்த பர்மாத் தமிழர்கள், அத்தோ, மொய்ங்கா ஆகிய பர்மிய உணவுகளை இந்த நகரத்து நாவுக்குப் பழக்கினார்கள். தேங்காய்ப்பாலும் கடற்பாசியும் சேர்ந்து, மேலே வெண்மையும் கீழே தெளிவுமாக இரண்டடுக்கில் உறையும் இனிப்பு அவர்கள் வாழ்ந்திருந்த தேசத்தில் எல்லோரும் விரும்பி உண்ணும் பண்டமாகும்.

இத்தனை சமூகத்தார் நெருங்கி வாழும் இடத்தில் ஜெலட்டினுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. அது பிராணியிலிருந்து வருவதால், சௌகார்பேட்டையின் மரக்கறி உணவுக்காரர் வீட்டுப் பிள்ளை அதைத் தொட முடியாது. ஹலால் முறைப்படி வந்ததா என்று அறியாமல் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் தொட முடியாது. பிராணி ஜெலட்டின் சேர்ந்திருப்பதைப் பொட்டலத்தின்மீது தெரிவிக்கவேண்டும் என்று நம் நாட்டு விதி வற்புறுத்துவது இதனாலேயே. பிறந்தநாள் விருந்துக்கு வரும் எல்லாக் குழந்தைகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டுமானால், கடற்பாசியே சௌகரியமானது.

நம் நாட்டு அகரின் பிறப்பிடம் மன்னார் வளைகுடா. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பெண்கள், கண்ணுக்குக் கண்ணாடியும் இடுப்பில் வலைப்பையுமாய், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியுமே அதன் மூலப்பொருள்கள். 1986இல் அங்குள்ள தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கலாகாது என்பது அவர்களுடைய ஜீவனத்தை அன்றாடம் தொடும் பிரச்சினையாக இருந்துவருகிறது. இதைப் படித்துவிட்டு, காசிமேட்டுக் கற்களில் பச்சையாகப் படர்ந்திருக்கும் பாசியை யாரும் சுரண்டி எடுத்துவர வேண்டாம். அது வேறு இனம், உறையாது. மேலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த கடலில், பாசி எதையெதை உறிஞ்சி வைத்திருக்கிறதோ! நாட்டு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கடற்பாசி என்றோ சைனா கிராஸ் என்றோ கேட்டால், வெள்ளை இழைகளாகச் சுத்தமான சரக்கு கிடைக்கும்.

செய்முறை

பத்து கிராம் கடற்பாசி இழையைச் சிறிதாகக் கத்தரித்து, 300 மில்லி நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு சிறு தீயில் ஏற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். முதலில் இழைகள் கண்ணாடிபோல் தெளிந்து, பின் ஒவ்வொன்றாக மறைந்து, கரண்டியைத் தூக்கினால் நூலாகவோ துணுக்காகவோ எதுவும் ஒட்டியிராத பக்குவம் வரும். பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அவசரப்பட்டு இறக்கினால் ஜெல்லியில் நார் தட்டுப்படும். மூன்று மேஜைக்கரண்டி சர்க்கரையை அதிலேயே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் சூட்சுமம். பழத்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அதன் வைட்டமின்-சி குறைந்துவிடும்; ஆகையால் தனியே மசித்து வைத்த 450 மில்லி பழக்கூழை, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான கடற்பாசி நீரில் சேர்க்க வேண்டும். கூழ் அறையின் வெப்பத்தில் இருந்தால் கலவை 55 டிகிரிக்கு மேலேயே நிற்கும். நிதானமாகக் கலந்து தட்டில் ஊற்ற அவகாசம் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கூழைக் கொட்டினாலோ, கலவை 40 டிகிரி அளவுக்கு இறங்கி, கலக்கும்போதே கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். எலுமிச்சைச் சாறு பிழிவதானால் கடைசியில். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடற்பாசியின் பிடிப்பு தளரும்.

ஜெலட்டினை விரும்புகிறவர்கள், 15 கிராம் தூளைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கொதிக்கவிடாமல் கரைத்து, அரை லிட்டர் பழக்கூழில் சேர்த்து, நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் பப்பாளி, அன்னாசி, அத்தி, கிவி ஆகியவற்றைப் பச்சையாகச் சேர்த்தால் இரவெல்லாம் வைத்தாலும் உறையாது. பப்பாளியின் பப்பைனும் அன்னாசியின் புரோமலினும், இறைச்சியை மிருதுவாக்கும் அதே திறமையோடு ஜெலட்டின் புரதத்தையும் அறுத்துவிடுகின்றன. பழத்தை ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் அந்த நொதிகள் செயலிழக்கும். கடற்பாசி புரதமன்று, அது மாவுச்சத்தைச் சார்ந்த இனம். தள்ளுவண்டியில் மலிவாகக் கிடைக்கும் பப்பாளியைப் பச்சையாகவே அதில் சேர்க்கலாம்.

நிறத்துக்குச் சாயம் எதுவும் வேண்டியதில்லை. பன்னீர் திராட்சையும் நாவற்பழமும் ஊதா தரும். பங்கனபள்ளி மாம்பழம் பொன்னிறம் தரும். தர்பூசணிக்கு ஒரு சிறு துண்டு பீட்ரூட் துணைசெய்யும். சாற்றை வடிகட்டிச் சக்கையை எறிந்துவிடாதீர்கள். வடித்த சாற்றிலுள்ள சர்க்கரையையும் வெறும் சர்க்கரையின் கணக்கில்தான் உலகச் சுகாதார ஸ்தாபனம் சேர்க்கிறது. பெரியவர்கள்கூட நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது உசிதம் என்பது 2015இல் அது வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். இந்த அளவில் செய்து எட்டுப் பேருக்குப் பங்கிட்டால், நாம் சேர்த்த சர்க்கரை ஆளுக்கு ஆறு கிராமைத் தாண்டாது.

சிறு குழந்தைகளுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. வழுக்கும் கெட்டி உருண்டை தொண்டையை அடைக்கக்கூடியது. கொன்ஜாக் கிழங்குமாவு சேர்த்த சிறுகிண்ண ஜெல்லியை ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தடைசெய்தது அதனாலேயே. கடற்பாசி ஜெல்லி வாயில் உருகாது என்பதால், மெல்லத் தெரியாத வயதினருக்கு இளக்கமாகச் செய்து, கரண்டியால் மசித்தே கொடுக்கவேண்டும்.

ஃப்ரிட்ஜும், உண்பதில் தடையின்மையும், நாவில் கரையும் சுகத்தில் விருப்பமும் உள்ளவர்கள் ஜெலட்டினைக் கொள்ளட்டும். மற்றபடி நம் வெயிலுக்கும், நம் தெருவின் கலப்புக்கும், நம் தள்ளுவண்டிப் பழத்துக்கும் பொருந்துவது கடற்பாசிதான். எதைக் கொண்டாலும், ஜெல்லி என்பது பழம் தின்ன மறுக்கும் பிள்ளையைப் பழத்தினிடம் அழைத்துப்போகும் ஓர் உபாயம் என்பதை மறக்கலாகாது. வாரத்துக்கு வாரம் கூழைக் குறைத்துத் துண்டுப் பழத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால், சில மாதங்களில் தட்டில் ஜெல்லியே தேவைப்படாமல் போகக்கூடும். செய்த கைக்கு அதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை.