ஹாஜிகளும் தடுப்பூசியின் பின்விளைவுகளும்

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை, லால்பேட்டை ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படும் முதியோர் சிலர் தடுப்பூசி என்றதும் தயங்குவதை நாம் காண்கிறோம். 1987, 2000 ஆம் ஆண்டுகளில் ஹாஜிகளிடையே மூளையுறைக் காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. இரண்டாம் முறை பரவியது டபிள்யூ 135 என்னும் வகை. அதன் பின்னரே நால்வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கிற்று. சென்று சேர்வதற்குப் 10 நாட்களேனும் முன்பாக அதனைப் போட்டுக்கொள்ளல் வேண்டும்.

போட்ட இடத்தில் வலி, இலேசான காய்ச்சல், அசதி ஆகியவை ஓரிரு நாளில் நீங்கும். முதியோரிடம் இவை இளைஞரைவிடக் குறைவாகவே தோன்றும். காய்ச்சல் வராததால் ஊசி பலிக்கவில்லை என்பது பிழையான எண்ணம். (தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து.)

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தல் போதும். காய்ச்சலோடு தஹஜ்ஜுதுக்கு எழுபவர் தனியே எழாதிருப்பது நலம். தலைசுற்றி விழுதல் முதியோர்க்கு ஊசியினும் பெருங்கேடு. முகவீக்கமும் மூச்சுத்திணறலும் மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அரைமணிக்குள் வரும். ஆதலால் அதுவரை அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். நெஞ்சுவலியை மட்டும் ஊசியின் மேல் போட்டுவிட்டு வீட்டில் படுத்திராமல், உடனே அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கேனும் கடலூர் அரசு மருத்துவமனைக்கேனும் செல்லுதல் வேண்டும்.