அறிவுசார் குறைபாடு உடையோருக்கான நீரிழிவு விழித்திரைப் பரிசோதனை

நீரிழிவு விழித்திரை நோய் என்பது, இரத்தத்தில் சர்க்கரை அளவு நீண்டகாலம் மிகுந்திருப்பதால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடையும் நிலை ஆகும். தொடக்கத்தில் வலி இராது. பார்வையும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். எனவே இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடனும், அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும் கண் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்கள் சிலர் பார்வை மங்குவதை உணர்ந்தாலும் சொல்லத் தெரியாமல் இருப்பர். தடுமாறி நடப்பது, வழக்கமான வேலையைத் தவிர்ப்பது போன்ற மாற்றங்களை வீட்டார் 'பிடிவாதம்' என்று எண்ணிவிடுவதுண்டு. டவுன் நோய்க்கூட்டறிகுறி உடையோரிடம் முதல் வகை நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. மனநல மருந்துகள் சிலவும் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டுகின்றன.

தடைகள்

பரிசோதனையில் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து இடுவர். அது சில நொடிகள் எரியும். சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பிறகு தாடையைக் கருவியில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது ஒளி பளிச்சிடும். முன்னறிவிப்பின்றி இவை நடந்தால் அச்சம் உண்டாகும். 'ஒத்துழைக்கவில்லை' என்று குறித்து அனுப்பிவிட்டால் பரிசோதனை அத்துடன் நின்றுபோகும்.

எளிதாக்கும் வழிகள்

• ஒவ்வொரு படியையும் படங்களுடன் எளிய சொற்களில் முன்கூட்டியே விளக்குதல்.
• வீட்டிலேயே தாடையை ஊன்றி அசையாமல் இருந்து பழகுதல்.
• கூட்டம் குறைந்த வேளையில், கூடுதல் நேரம் ஒதுக்குதல்.
• பழகியவர் உடனிருத்தல். விளக்கம் உடன் வந்தவரிடம் மட்டுமன்றி அவரிடமும் சொல்லி, அவர் இசைவைப் பெறுதல்.
• முதல்முறை முடியாவிட்டால் மறுநாள் குறித்தல். இயலுமானால் சொட்டு மருந்து தேவைப்படாத கேமராவைப் பயன்படுத்தலாம். எனினும் பாவை சிறிதாக இருந்தால் படம் தெளிவாக அமையாது.
• படம் எடுக்க முடியாதோருக்குப் பிளவு விளக்குக் கருவியால் மருத்துவர் நேரடியாகப் பார்த்தல்.

இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை, இத்தகையோருக்கென எளிநடைக் கையேடுகளை வழங்குகிறது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்வது சேவை வழங்குவோரின் கடமை ஆகும்.

தமிழ்நாட்டில்

மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப்புறப் பார்வை மையங்கள் வழியாகத் தொலைமருத்துவ முறையில் கண் பரிசோதனை செய்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி போன்ற பேரூராட்சிகளில், மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் 'கண் பரிசோதனை எப்போது நடந்தது?' என்று குடும்பத்தார் பேசத் தொடங்கலாம். நோயாளிக்கு அவர் பழகிய முகம் என்பதும் உதவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 25ஆம் பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகளில் தடையற்ற அணுகலையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் வலியுறுத்துகிறது. எனவே கூடுதல் நேரம் கேட்பது சலுகை அன்று, உரிமை. உரிய காலத்தில் கண்டறிந்தால், லேசர் சிகிச்சை, கண்ணுக்குள் இடும் ஊசி ஆகியவற்றால் பார்வையிழப்பைப் பெரிதும் தடுக்க முடியும்.