இதயத்தில் அறுவை, குழாய் தொடையில்: ஏன்?

மார்பெலும்பைப் பிளக்காமல், விலா இடுக்கில் சின்ன வெட்டுப் போட்டு மைட்ரல் வால்வைச் சரிசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெட்டு சின்னதானாலும் பெரும்பாலும் இதயத்தை நிறுத்தித்தான் ஆகணும். அந்த நேரம் ரத்தத்தை ஓட்டுவது இதய-நுரையீரல் இயந்திரம். வழக்கமான அறுவையில் அதன் குழாய்களை (கேனுலா) மார்புக்குள்ளேயே செருகிவிடுவார்கள். சின்ன வெட்டில் அதற்கு இடம் போதாது. அதனால்தான் தொடை இடுக்குக்கு வருகிறார்கள்.

சிரைக் குழாய் தொடைச் சிரையில் நுழைந்து, வயிற்றின் வழியே மேலேறி, இதயத்தின் வலது மேலறை வரை, பல சமயம் அதையும் தாண்டிப் போகும். நீளமான, ஒல்லியான குழாய். விட்டம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை 16 மடங்கு ஏறும். பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 4-5 லிட்டர் ஓட வேண்டும். புவியீர்ப்பு மட்டும் பத்தாது. மெல்லிய வெற்றிட உறிஞ்சலும் கொடுக்கிறார்கள்.

செருகுவதற்கு இரண்டு வழி. ஒன்று, சின்னதாக வெட்டி நாளத்தைக் கண்ணால் பார்த்துச் செருகுவது. மற்றது, தோல் வழியே ஊசி, ஊசிக்குள் கம்பி, கம்பியின் மேல் குழாய். ஸ்வீடன்காரர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட உத்தி இது. ஜான் கிப்பன் பிலடெல்பியாவில் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றி கண்டதும் அதே 1953, மே 6. எந்த வழியானாலும், கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்த பிறகே குழாயை ஏற்றுவார்கள்.

இனி விலை என்ன என்று பார்ப்போம். தமனிக் குழாயின் தடிமன் சுமார் 6-7 மிமீ. தொடைத் தமனியின் உள்விட்டமே பலருக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான். குழாய் அதை அடைத்துக்கொண்டால் கீழே காலுக்கு ரத்தம் குறையும். மணிக்கணக்கில் நீடித்தால் தசை வீங்கிச் சாகும். காலையே இழக்கவும் நேரலாம். இதற்காகக் காலை நோக்கி இன்னொரு சிறு குழாய் வைப்பதுண்டு. இல்லையென்றால் தமனியின் பக்கவாட்டில் செயற்கைக் குழாயைத் தைத்து, அதன் வழியே இருபுறமும் ரத்தம் போக விடுவார்கள்.

இன்னொரு ஆபத்து, ஓட்டம் தலைகீழாவது. ரத்தம் காலிலிருந்து இதயத்தை நோக்கி ஏறும்போது பெருந்தமனிச் சுவரின் கொழுப்புப் படிவு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் பல இடங்களில் முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். படிவு அதிகமென்றால் அக்குள் தமனி போன்ற வேறு வழி தேடுவார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை என்றால், தழும்பு எவ்வளவு நீளம் என்பதோடு இதையும் கேளுங்கள்: "டாக்டர், தொடை, வயிற்று ரத்தக்குழாய்களை ஸ்கேனில் பார்த்தாச்சா? காலுக்கு ரத்தம் குறைஞ்சா என்ன ஏற்பாடு?"