கேரவன் வாங்குமுன் ஒரு கிலோ கணக்கு

நம் ஊரில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. 2021-இல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் அது இடம்பெற்றது. கைக்குழந்தையோடு நாலு ஊர் பார்க்க நினைக்கும் உத்திரமேரூர்க் குடும்பத்துக்கும் கேரவன் ஆசை வருவது நியாயம்தான். விலையை விசாரிக்குமுன் எடையைக் கூட்டிப் பாருங்கள்.

அப்பா 60 கிலோ, அம்மா 55, ஐந்து வயதுப் பிள்ளை 18, கைக்குழந்தை 10: ஆக 143. இரண்டு தண்ணீர் கேன் 40. ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர், இரும்பையும் சேர்த்து ஏறத்தாழ 13. அடுப்பு, பாத்திரம் 12. பாய், தலையணை, கொசுவலை 10. பேட்டரி 12. துணிமணி 20. தார்ப்பாய், கயிறு, மண்வெட்டி 8. மொத்தம் 258 கிலோ. இதில் கட்டில், அலமாரி, கழிவறை எதுவும் இல்லை. தண்ணீரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கைக்குழந்தையின் துணி அலசவே ஒரு கேன் போய்விடும்.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வேண்டுமா? ஐரோப்பாவில் 750 கிலோ வரையுள்ள இழுவண்டிக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. புதிதாக இழுப்பவர்கள் காரின் காலி எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டனில் சொல்லும் அறிவுரை. 1,000 கிலோ காருக்கு அது 850. ஆனால் காரின் கையேட்டில் இழுவை எடை கொடுக்கப்படவில்லை என்றால் 85-க்கும் இடமில்லை, இழுக்கவே கூடாது. நம் சட்டத்தில் இழுவண்டியும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் தனிப் பதிவு வேண்டும். நான்கு மீட்டர் கேரவனைக் காரோடு சேர்த்தால் சுமார் எட்டு மீட்டர் வரும். நெல் காயும் கிராமச் சாலையில் அதைப் பின்னால் எடுத்துத் திருப்புவதை நினைத்துப் பாருங்கள். முதல் வண்டிக்கு இது வேண்டாம் என்பேன்.

அடுத்தது வெக்கை. ஒரு டன் ஏசி ஓட ஏறத்தாழ 1,000 வாட் வேண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே பேட்டரியில் 20 வாட் மின்விசிறி இரண்டை எட்டு மணி நேரம் ஓட்டினால் ஓர் இரவுக்கு 320 தான் செலவு, மூன்று இரவு தாராளமாக வரும். ஆகவே கத்திரி வெயிலில் வண்டிக்குள் படுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் பறவைகள் வரும் மாதங்களும் அவையே.

பணக் கணக்கு. 6 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 12,600. கட்டி முடிக்கும்போது 7,56,000. ஆண்டுக்கு 12 இரவு என்றால் ஐந்தாண்டில் 60 இரவு. ஓர் இரவுக்கு 12,600 ரூபாய், டீசலோ பெட்ரோலோ சேர்க்காமல்! 2,000 ரூபாய் அறையில் அதே 60 இரவும் தங்கினால் 1,20,000-தான். வண்டி மீதி 353 நாளும் வேலை செய்தால் மட்டுமே அந்தத் தவணைக்குப் பொருள் உண்டு.

அதனால் என் கை மாருதி ஈகோ மாதிரியான வேனைத்தான் காட்டும். நீளம் 3,675 மி.மீ., அகலம் 1,475. வெளி அகலமே ஒன்றரை மீட்டருக்குக் குறைவு என்பதால் பெரியவர்கள் குறுக்கே படுக்க முடியாது. படுக்கைப் பலகையை நீளவாக்கில் போடுங்கள். மூட்டை ஏற்ற வேண்டிய நாளில் கழற்றி வைத்துவிடலாம். வெட்டி ஒட்டிக் கழிவறை வைப்பது, கூரையை உயர்த்துவது வேறு சங்கதி. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முறையாகச் செய்ய விரும்பினால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், பிறகுதான் பட்டறை. தனிப் பயன்பாட்டு கேம்பர் வேன் என்றே ஒரு வகை 2004 மத்திய அறிவிக்கையில் இருக்கிறது.

பலகை போட்டதும் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் இரவு வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி நால்வரும் உள்ளே படுங்கள். சன்னலை இரண்டு விரல் திறந்து வைத்து, வலை கட்டி, அடுப்பை மட்டும் வெளியே மூட்டுங்கள். விடிந்ததும் கேனில் எத்தனை லிட்டர் மிச்சம், பேட்டரியில் எவ்வளவு மிச்சம், பிள்ளை எத்தனை முறை எழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.