கொழுந்துக் காசு ஏன் பிந்துகிறது?

கொழுந்தைப் பறித்த அன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட வேண்டும். நெல்லென்றால் விலை ஏறும்வரை மூட்டையில் வைத்திருக்கலாம். கொழுந்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காசோ அடுத்த மாதந்தான். "ஏன் இப்படி?" என்று நாம் போகுமிடமெல்லாம் கேட்கிறார்கள்.

காரணம் ஒன்று உண்டு. தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்ற பிறகே மாதச் சராசரி விலை தெரியும். அதில் 68 வீதம் கொழுந்து கொடுப்பவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது நெடுங்காலப் பங்கீடு. அந்தக் கணக்கு முடியும்வரை பொறுப்பது நியாயமே. முடிந்த பின்னும் இழுத்தடித்தால், அது உங்களிடம் வட்டியில்லாமல் வாங்கிய கடன். உரமும் முற்பணமும் அங்கேயே வாங்கியிருந்தால் வாய் திறக்கவும் தயக்கம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கோ கடையில் கடன் சொல்லத் தெரிந்த முகமுமில்லை.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், சிறுதொழில் செய்வோருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறது. பிந்தினால் வட்டியும் உண்டு. ஐரோப்பாவிலும் 2011இல் பொதுவாக 60 நாள் என்று விதித்தார்கள். ஆனாலும் பெரிய கம்பனியைப் பகைக்க அஞ்சி வட்டி கேட்காதவர்கள் அங்கும் பலர்.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். கொழுந்துத் துண்டுகளைத் திகதிவாரியாகக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். நிறை, ஈரத்துக்கென்று கழித்தது, வாங்கிய முற்பணம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரே லொறிக்குக் கொழுந்து போடும் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து கேளுங்கள். பதிலில்லையென்றால், இலங்கைத் தேயிலைச் சபையின் தேயிலை ஆணையாளருக்கு எழுத்தில் முறையிடலாம். கொப்பியைக் கொடுத்துவிட வேண்டாம், பிரதியைக் கொடுங்கள்.